விசிலில் ‘244 பார் ஸ்ட்ரீட்’ என்று இருந்தால் எந்தக் காலம்?

காயலான் | பிப்ரவரி 3, இரவு 9.12

ஒரு போலீஸ் விசில் விலைக்கு வந்திருக்கு. பித்தளை, மேலே நிக்கல் முலாம். வாய் வைக்கிற பக்கம் முலாம் தேய்ஞ்சு மஞ்சள் தெரியுது. குழல் மேல "தி மெட்ரோபாலிடன், ஜே. ஹட்சன் அண்ட் கோ., 244 பார் ஸ்ட்ரீட், பர்மிங்ஹாம்"னு முத்திரை. விக்கிறவர் 1888-ன்னு அடிச்சுச் சொல்றார். லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸ் சாமானாம், கொலைகாரன் ஜாக் தி ரிப்பரைத் தேடின காலமாம். விலையும் அந்தக் கதைக்கு ஏத்த விலைதான். கம்பெனி பேர் இருக்கு, தெரு இருக்கு, மெட்ரோபாலிடன்னும் இருக்கு. வாங்கலாமா?

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 3, இரவு 10.40

அந்த விலைக்கு வேண்டாம். முத்திரையே அவருக்கு எதிர்சாட்சி.

ஹட்சன் கம்பெனி பெரும்பாலும் ஒரே தெருவில், வெவ்வேறு கதவு எண்களில் இருந்திருக்கிறது. மிகப் பழைய போலீஸ் விசில்களில் 84 பக்கிங்ஹாம் ஸ்ட்ரீட் வரும். அதன்பின் 1880களின் நடுவில் கொஞ்ச காலம் 131 பார் ஸ்ட்ரீட். 1888 வாக்கில் தொடங்கி இருபது ஆண்டுகள் போல 13 பார் ஸ்ட்ரீட். 1909 வாக்கில்தான் 244 வருகிறது. ஆக 244 போட்ட விசில் 1888-ல் இருந்திருக்க வழியே இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு: கம்பெனி இன்றைக்கும் அதே 244-ல்தான் இருக்கிறது. எனவே 244 என்பது "1909க்கு முன் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு கழித்து என்பதைச் சொல்லாது.

"தி மெட்ரோபாலிடன்" ஹட்சன் அந்த வகை விசிலுக்கு வைத்த வணிகப் பெயர். 1883-ல் லண்டன் போலீஸ் கிலுகிலுப்பை மாதிரிச் சுழற்றும் மரக் கருவியை விட்டுவிட்டு விசிலுக்கு மாறத் தேடியபோது, லண்டனின் கிளாப்ஹம் காமன் திடலில் சோதித்துப் பார்த்து ஜோசப் ஹட்சனின் விசிலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்டது. முதல் ஆர்டர் 7,000. அந்தப் பெருமையைப் பெயராக வைத்து அதே விசிலை யாருக்கும் விற்றார்கள். தொழிற்சாலைக் காவலாளி, பள்ளிக்கூடம், சைக்கிள்காரர் எல்லோரும் வாங்கினார்கள். போலீசுக்குப் போனது என்றால் படையின் பெயர் தனியாக இருக்க வேண்டும், அல்லது எண் குத்தியிருக்க வேண்டும்.

காயலான் | பிப்ரவரி 4, காலை 7.05

அப்போ 1909-க்கு அப்புறம் எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 4, பகல் 1.20

விசிலில் இருக்கிற அடையாளங்களில் எது மிகப் பிந்தியதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். விற்பவர்கள் எப்போதும் மிகப் பழைய அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். முத்திரை அச்சு பழையதாக இருக்கலாம், அதை வைத்துப் பல ஆண்டு அடித்திருக்கலாம். பிந்தியது முந்தி வர முடியாது.

முலாமை முதலில் பாருங்கள். நிக்கல் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெண்மை, காலப்போக்கில் மங்கும். குரோமியம் நீலச் சாயலோடு கண்ணாடி போல இருக்கும், மங்காது. குரோமிய முலாம் வியாபாரத்துக்கு வந்ததே 1920களின் பிற்பாதியில். குரோமியம் பூசிய விசில் அதற்குப் பிந்தியது, இல்லாவிட்டால் யாரோ மறுபடி முலாம் போட்டது. இரண்டில் எது என்று அறிய எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள். மறுமுலாம் போடும் முன் சாணை பிடித்திருப்பார்கள், எழுத்தின் விளிம்பு வழுக்கி உருண்டிருக்கும்.

பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) என்றால் 1907க்குப் பிறகுதான், அதைக் கண்டுபிடித்ததே அந்த ஆண்டு. "மேட் இன் இங்கிலாந்து" பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு அடையாளம். அமெரிக்கா 1890-ல் கொண்டுவந்த இறக்குமதி வரிச் சட்டம் சரக்கு எந்த நாட்டில் ஆனது என்று எழுதச் சொன்னது, அதன் பிறகுதான் இந்த வழக்கம் பரவியது.

வடிவமைப்புப் பதிவு எண் இருந்தால் நல்லது. பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை வைர வடிவக் கட்டம். 1884 முதல் "ஆர்டி நம்பர்" என்று ஒன்றிலிருந்து வரிசை எண். 1890 தொடக்கத்தில் ஏறக்குறைய 1,41,000, 1900 தொடக்கத்தில் ஏறக்குறைய 3,51,000. ஆனால் அது வடிவத்தைப் பதிவு செய்த ஆண்டு. விசில் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்ததாக இருக்கலாம்.

தண்டவாளம் | பிப்ரவரி 4, இரவு 8.55

ரயில்வே விசிலில் இந்தத் தலைவலி கம்மி. கம்பெனி எழுத்தே காலத்தை இரண்டு பக்கமும் மூடிவிடும்.

பிரிட்டனில் 1923-ல் ஏராளமான ரயில் கம்பெனிகளை நான்காகச் சேர்த்தார்கள்: எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர்., ஜி.டபிள்யூ.ஆர்., எஸ்.ஆர். 1948 ஜனவரி 1-ல் நான்கும் அரசுடைமை ஆகி பி.ஆர். (பிரிட்டிஷ் ரயில்வேஸ்) வந்தது. ஆகவே எல்.எம்.எஸ். போட்ட தண்டரர் (உள்ளே உருண்டை சுழலும் ஹட்சன் விசில்) 1923-47. எல். அண்ட் என்.டபிள்யூ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே) என்றால் 1922க்கு மேல் வராது. ஜி.டபிள்யூ.ஆர். மட்டும் உதவாது. அந்தப் பெயர் 1830களிலிருந்தே இருக்கிறது, சேர்க்கையிலும் மாறவில்லை. அங்கே முலாமையும் முகவரியையும்தான் நம்ப வேண்டும்.

இதே வழி நம் பக்கத்துக்கும் பொருந்தும். எம்.எஸ்.எம். என்றால் 1908-51, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908-ல் அந்தப் பெயரில் வந்தது. சவுத் இண்டியன் ரயில்வேயும் அதோடு சேர்ந்து 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே ஆனது. இந்த எழுத்துகள் உள்ள எந்தச் சாமானும் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

போர்க்காலத்திலும் இப்படி உண்டு. ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை) வார்டன் அமைப்பு 1937-ல் தொடங்கியது. ஏ.எஃப்.எஸ். தீயணைப்புத் துணைப்படை 1941-ல் என்.எஃப்.எஸ். (தேசியத் தீயணைப்புப் படை) ஆனது, அது 1948 வரை. அந்த மூன்று எழுத்தைப் படித்தால் தேதி முடிந்தது.

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 4, இரவு 9.30

எழுத்து அசலாக இருந்தால்.

ரயில்வே எழுத்துதான் அதிகமாகப் பொய்யாகக் குத்தப்படுகிறது. வெறும் தண்டரர் எங்கும் கிடைக்கும், எல்.எம்.எஸ். என்று மூன்று எழுத்து குத்தினால் விலை ஏறிவிடும். இதைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள்.

ஆலையில் முத்திரை அடித்தது முலாமுக்கு முன். அதனால் முலாம் பள்ளத்தின் சுவரிலும் அடியிலும் இறங்கி மூடியிருக்கும். தேய்மானம் மேட்டில் தொடங்கும், பள்ளத்தின் அடியில் வெள்ளை மிச்சமிருக்கும். பின்னால் குத்தியதில் இது தலைகீழ்: பள்ளத்தின் அடியில் பித்தளை மஞ்சள், சுற்றிலும் முலாம் வெடித்துச் செதில் எழுந்திருக்கும், எழுத்தின் ஓரத்தில் உலோகம் மேலே பிதுங்கி நகத்தில் தட்டும். அமிலம் வைத்து அரித்தது என்றால் ஆழம் எங்கும் ஒன்றுபோல இருக்கும், அடி சொரசொரப்பாக இருக்கும்.

ஒரே அச்சில் அடித்த வரி நேராக இருக்கும். எழுத்து எழுத்தாகக் குத்தியது ஏறி இறங்கும். ஏறி இறங்குவதெல்லாம் போலி என்று முடிவு கட்டவும் கூடாது. காவலர் எண், டிவிஷன் எழுத்து இவற்றைப் படையே கையால் குத்தியிருக்கும். அப்படிப்பட்டதில் குத்திய பள்ளமும் மற்ற மேற்பரப்பும் ஒரே அளவு பழசாக, அழுக்கேறித் தேய்ந்திருக்க வேண்டும்.

ஈயப்பற்று | பிப்ரவரி 5, காலை 6.40

வளையத்தையும் பார்க்கணும். சங்கிலியில் தொங்கின விசிலுக்கு வளையத்தின் உள்பக்கம் ஒரே இடத்தில் தேய்ஞ்சு ஒல்லியாகியிருக்கும், கொக்கி உரசின இடம் அது. செயற்கையாகப் பழசாக்கினதில் தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாக இருக்கும், கறுப்புச் சாயம் இடுக்கில் மட்டும் நிற்கும். பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் ஒத்தினால் சாயம் பஞ்சில் வந்துவிடும். செல்லுலாய்டு, பேக்கலைட் விசிலில் மட்டும் அசிட்டோனைத் தொடக் கூடாது.

வார்ப்பு நகல்களுக்கு வெர்னியர் காலிப்பரே போதும். அசலை அச்சாக வைத்து வார்த்தால் பித்தளை ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். 82 மி.மீ. நீளமான அசலின் நகல் 81-க்குக் கீழே நிற்கும். சுவர் தடிமன் கூடுவதால் எடை மட்டும் அதிகம். அசல் போலீஸ் விசில் மெல்லிய தகடு, கையில் எடுத்ததும் காலியாகத் தெரியும்.

காயலான் | பிப்ரவரி 5, இரவு 10.15

டைட்டானிக் விசில்னு ஒண்ணு எல்லா இடத்துலயும் இருக்கே. ஒயிட் ஸ்டார் லைன் 1912-ன்னு பித்தளைல.

தண்டவாளம் | பிப்ரவரி 5, இரவு 10.31

அலங்காரப் பொருள். ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் கப்பல் சாமான் மாதிரிகளைப் பித்தளையில் ஏராளமாகச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். திசைகாட்டி, தொலைநோக்கி, மணி வரிசையில் விசிலும் உண்டு. வேலைப்பாடு நன்றாகவே இருக்கும், மேஜையில் வைக்க வாங்கலாம். 1912 என்று சொல்லி விற்பதுதான் குற்றம். ஹட்சன் கம்பெனியும் டைட்டானிக் பெயரில் நினைவு விசில் செய்து விற்கிறது, அது புதியது என்றே விற்கிறது. அதை வாங்கி டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழசு என்று மறுவிற்பனை செய்பவர்களிடம்தான் கவனம்.

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 6, மாலை 4.50

முதல் உலகப் போர் விசிலில் அசலை எப்படி அறிவது என்று தனிச்செய்தியில் வந்த கேள்விக்கு இங்கேயே பதில்.

பதுங்குகுழி விசில் என்று விற்பது அதே போலீஸ் வடிவக் குழல்தான். "ஜே. ஹட்சன் அண்ட் கோ., பர்மிங்ஹாம், 1915" என்று ஆண்டோடு வரும், பலவற்றில் அரசாங்கச் சொத்துக்கான அகல அம்புக்குறியும் இருக்கும். டி கோர்சி போன்ற வேறு பர்மிங்ஹாம் செய்பவர்களின் ஆண்டு போட்ட விசில்களும் உண்டு. ஆண்டு இல்லாத அதே விசிலை விட ஆண்டு போட்டதற்குப் பல மடங்கு கேட்பார்கள், அதனால் ஆண்டையும் குத்துகிறார்கள். அசலில் ஆண்டு முத்திரையின் ஒரு வரி: அதே எழுத்துரு, அதே ஆழம், அதே நடுக்கோடு. தனியாக ஓர் ஓரத்தில் தெரிகிற 1916ஐ நம்ப வேண்டாம்.

தோல் வாரைக் கணக்கில் எடுக்காதீர்கள். வார் மக்கிப்போகும், மாற்றுவார்கள். பழைய விசிலில் புது வார் இருப்பது சாதாரணம். புது விசிலில் பழைய வார் கட்டி விற்பதும் நடக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினர் காலர் கொக்கியில் மாட்டிய விசிலில் கிரீடம், ஏ.எம். (விமான அமைச்சகம்), 23/230 என்று இருக்கும். கடலில் விழுந்தால் ஊதித் தேடுபவர்களை அழைக்க. இதற்கும் நகல் நிறைய. கிரீடத்தின் கோடுகள் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் வைத்துவிடுங்கள்.

காயலான் | பிப்ரவரி 6, இரவு 8.20

தண்டரர்ல உள்ள உருண்டை கார்க்கா இருந்தா பழசு, பிளாஸ்டிக்கா இருந்தா புதுசு, சரியா?

ஈயப்பற்று | பிப்ரவரி 6, இரவு 8.44

இல்லை. தண்டரர் 1884-ல் வந்தது, இன்றைக்கும் அதில் கார்க் போடுகிறார்கள். பழையதில் உருண்டை உதிர்ந்து மாற்றியிருக்கவும் செய்வார்கள். உருண்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உருண்டை இல்லாத தண்டரர் வந்தால் விலை குறைத்து வாங்கலாம், மாற்றுவது கஷ்டமில்லை. நல்ல பாட்டில் கார்க்கில் ஒரு துண்டு வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து உருண்டை ஆக்கணும். காய்ந்த நிலையில் விசிலின் ஜன்னல் வழியே தானாக வெளியே வராத அளவு, உள்ளே தடையில்லாமல் சுழலும் அளவு, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கணும். கொதிநீரில் சில நிமிஷம் போட்டால் மெத்தென்று ஆகிவிடும். விரலில் நசுக்கித் தட்டையாக்கி ஜன்னல் வழியே மழுங்கின மூங்கில் குச்சியால் தள்ளணும். ஒரு நாள் காயவிட்டால் உள்ளே உப்பித் திரும்ப உருண்டை ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஊதினால் அறையில் ஒட்டிக்கொள்ளும், அதிர்வு வராமல் ஒரே கீச்சு வரும். ஜன்னல் உதட்டை மட்டும் அகலப்படுத்தாதீங்க. காற்று மோதிப் பிளக்கிற விளிம்பு அது, அரை மி.மீ. நகர்ந்தாலும் சத்தம் போய்விடும்.

விற்கும்போது உருண்டை புதியது என்று எழுதணும்.

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 6, இரவு 9.15

போலீஸ் விசிலில் உருண்டையே கிடையாது. குழலுக்குள் நடுவே ஒரு தடுப்பு, இரண்டு அறை, இரண்டு ஜன்னல். அறைகளின் நீளம் கொஞ்சம் வேறு. இரண்டு சுருதியும் ஒத்துப்போகாமல் உரசுவதால்தான் தெரு இரைச்சலை மீறிக் கேட்கிறது.

வாங்கும்போது ஒரு ஜன்னலை விரலால் மூடி ஊதுங்கள், பிறகு மற்றதை. இரண்டும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒன்று ஊமை என்றால் பெரும்பாலும் சட்டைப்பை நூல், புகையிலைத் தூள், சிலந்திக் கூடு. மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கீற்றாக வெட்டி வாய்ப்பக்கத்திலிருந்து விட்டால் வந்துவிடும். ஊசி வேண்டாம், உதட்டைக் கீறும். அடைப்பும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் உள்தடுப்பின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. அதைப் பிரித்து ஒட்டுவது விசிலின் விலைக்கு மேல் ஆகும்.

யாரோ வாயில் வைத்த நூறு வருஷத்துச் சாமானை நேராக வாயில் வைக்க வேண்டாம். ரப்பர் குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி வாய்ப்பகுதியில் செருகி ஊதுங்கள். வெள்ளீயக் கலவை விசில்களில் காரீயம் இருக்கலாம், அவற்றைக் கழுவிவிட்டும் வாயில் வைக்கக் கூடாது. குழந்தை கையில் கொடுக்கவே கூடாது.

காயலான் | பிப்ரவரி 7, காலை 11.00

புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே, விக்கிறதுக்கு முன்னாடி செய்யலாமா?

ஈயப்பற்று | பிப்ரவரி 7, காலை 11.08

வேண்டவே வேண்டாம்.

ஈயப்பற்று | பிப்ரவரி 7, பகல் 12.35

காரணத்தையும் எழுதிடறேன், எல்லார் வீட்டிலும் முதலில் கை போவது புளிக்குத்தான்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, எலுமிச்சை, பித்தளை தேய்க்கிற பொடிகளில் பல எல்லாம் அமிலம். துத்தநாகத்தை முதலில் கரைத்து இழுக்கும், மேலே செம்பு நிறம் ரோஜாப்பூ மாதிரி திட்டுத்திட்டாக நிற்கும். குத்துவிளக்கில் அது பரவாயில்லை. அரை மி.மீ.க்கும் குறைந்த தகட்டில் ஆழமில்லாத முத்திரை இருக்கிற சாமானில் நாலு தடவை தேய்த்தால் முகவரி போய்விடும். நிக்கல் இருந்த இடத்தில் பித்தளை வெளியே வந்தால், மறுமுலாம் போடாமல் திரும்ப மூட வழியில்லை.

பாலிஷ் டப்பாவும் ஆபத்து. பல பித்தளைப் பாலிஷ்களில் அம்மோனியா இருக்கு. இழுத்துச் செய்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அந்த இறுக்கம் நீளவாக்கில் விரிசலாக வெடிக்கும். இதைக் கண்டதே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் படை தோட்டா உறைகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தது, சிறுநீரின் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து உறைகள் பிளந்தன. காரணத்தை 1921-ல்தான் முழுசாக விளக்கினார்கள். போலீஸ் விசிலில் இந்த விரிசல் மூடியின் ஓரத்திலிருந்து மயிரிழையாகக் கிளம்பும். வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் அது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு ஷாம்பு, மெல்லிய பல்துலக்கி. கார்க் உள்ளதை முக்காமல் வெளியே மட்டும் துடைக்கணும். பச்சைக் களிம்பு இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் விட்டு, மூங்கில் சீவலால் தள்ளணும். அவ்வளவுதான். சூடு காட்டக் கூடாது, ஈயப்பற்று 190 டிகிரிக்கெல்லாம் இளகிவிடும், மூடி கழன்று கையில் வரும்.

தண்டவாளம் | பிப்ரவரி 7, இரவு 9.50

களிம்பை எடுப்பது சரி, மேலே படிந்த பழுப்பை எடுக்காதீர்கள். பளபளக்கும் விசிலைப் பார்த்தால் சேகரிப்பாளர் முதலில் போலி என்றுதான் நினைப்பார்.

சேமிப்பு பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பேண்ட் போடாதீர்கள், கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பி.வி.சி. உறை காலம் போனால் ஒட்டும், அரிக்கும். பிளைவுட் பெட்டியின் வாடையில் ஈயக்கலவை வெள்ளைப் பொடியாகப் பூக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்துங்கள்.

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 9, மாலை 6.10

வெள்ளி விசில் இன்னும் எழுதப்படவில்லை. தேதிக்கு அதுதான் மிகத் துல்லியம், ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓர் எழுத்து உண்டு.

நடக்கும் சிங்கம் 925 வெள்ளிக்கு. நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன். கூடவே செய்தவரின் எழுத்துகள், ஆண்டு எழுத்து. பர்மிங்ஹாமில் 1900-ல் சின்ன ‘ஏ’-யில் தொடங்கிய சுற்று 1925-ல் பெரிய ‘ஏ’-க்கு மாறியது. அந்தக் காலத்தில் எழுத்து ஜூலையில் மாறியதால் ஒரு எழுத்துக்கு இரண்டு ஆண்டுகளின் பாதிகள். எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், கட்டத்தின் வடிவத்தையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அரசர் தலை இருந்தால் அது வரி கட்டிய முத்திரை, 1784 முதல் 1890 வரை.

தண்டவாளம் | பிப்ரவரி 9, இரவு 7.25

தலைக்கு ஒரு திருத்தம். இரண்டு தலை சேர்ந்து இருந்தால் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா, 1935ஐ ஒட்டியது. ராணி எலிசபெத் தலை 1953 முடிசூட்டை ஒட்டியது. இவற்றை 1890க்கு முந்தியது என்று போட்டு விற்பதை ஏலப் பட்டியல்களிலேயே பார்க்கலாம்.

கப்பல் போசன் (மாலுமிகளின் மேற்பார்வையாளர்) ஊதுகோல் வெள்ளியில் இருந்தால் அதிலும் இதே முத்திரைதான். ஆனால் அதற்கு உருண்டை, குழல், அடித்தகடு, வளையம் என்று தனித்தனி உறுப்புகள். முத்திரை அடித்தகட்டில் மட்டும் இருந்தால் மற்ற உறுப்புகள் பின்னால் மாற்றியதா என்று ஒட்டிய இடங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஈயம் வழிந்திருந்தால் பழுதுபார்த்தது. வெள்ளிப்பற்று வெள்ளியின் நிறத்தோடு போகும்.

காயலான் | பிப்ரவரி 10, காலை 8.30

நான் கேட்டது இருக்கட்டும், என்கிட்ட ஏற்கெனவே இருக்கிறதை விக்கணும். இங்கிருந்து வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பலாமா? எப்படிப் பட்டியல் போடறது?

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 10, பகல் 2.15

அனுப்பும் முன் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும், கடந்த கால வாழ்வைக் காட்டும் பொருளும் தொல்பொருள் ஆகிவிடும். வரையறை மிக அகலமானது, இங்கிலாந்தில் செய்தது என்பதால் விலக்கில்லை. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. உள்நாட்டில் வியாபாரமாகச் செய்யவும் உரிமம் வேண்டும். நூறு ஆண்டு ஆகாத பொருளுக்கும் சுங்கத்தில் கேள்வி வரும், அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் ‘தொல்பொருள் அல்ல’ சான்றிதழ் கையில் இருந்தால் நிம்மதி. விற்பனைப் பட்டியலில் 1888 என்று பெருமைக்குப் போட்டுவிட்டு சுங்கப் படிவத்தில் பழசில்லை என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய். தேதியைச் சரியாகக் கண்டுபிடிப்பதன் முதல் பயனே இதுதான். ஏ.ஆர்.பி., என்.எஃப்.எஸ்., 23/230 எல்லாம் நூறு ஆகவில்லை. 1915 விசில் ஆகிவிட்டது.

தந்தத்தில் செய்த நாய் விசில் வந்தால் தொடவே வேண்டாம். இங்கே வனவிலங்குச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம். பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் மிகச் சில விலக்குகள் தவிர விற்க முடியாது. எலும்பு, மான்கொம்பு, தந்தம் மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். லென்ஸில் எலும்பில் கறுப்புப் புள்ளிகளும் சிறு கோடுகளும், தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகளும் தெரியும். சூடான ஊசி வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். பொருள் செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும்.

பூதக்கண்ணாடி | பிப்ரவரி 10, இரவு 9.05

பட்டியல். குறைந்தது ஆறு படம் வேண்டும்: இரண்டு பக்கம், வாய்ப்பகுதி, வளையம், முத்திரை நேராக, முத்திரை பக்கவாட்டு வெளிச்சத்தில். கடைசிப் படம்தான் விசிலை விற்கும். அறை விளக்கை அணைத்து, ஒரே டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். ஃபிளாஷ் போட்டால் நிக்கல் வெள்ளையாக வெந்துபோகும்.

நீளம் மி.மீ.யில், எடை கிராமில். முத்திரையை எழுத்து மாறாமல் அப்படியே. இரண்டு அறையும் ஒலிக்கிறதா. குழிவு எங்கே, விரிசல் உண்டா, முலாம் எவ்வளவு மிச்சம். "ஊதிப் பார்க்கவில்லை" என்று எழுதினால் வாங்குபவர் ஊமை என்றே எடுத்துக்கொண்டு விலை சொல்வார். சரிதான், அவர் நிலையில் நானும் அப்படித்தான் எடுப்பேன்.

விலைக்கு இணையத்தில் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பாருங்கள். வெறும் ஏ.ஆர்.பி.யும் வெறும் 244-உம் நிறையவே கிடைக்கும், அவற்றில் லாபம் சிறியது. படைப் பெயர் போட்டவை, 13 பார் ஸ்ட்ரீட், அதற்கு மேல் 131, அதற்கும் மேல் பக்கிங்ஹாம் ஸ்ட்ரீட் என்று ஏறும். டவ்லர், யேட்ஸ் போன்ற மற்ற பர்மிங்ஹாம் பெயர்களைத் தேடுபவர்கள் குறைவு, ஆனால் தேடுபவர் நல்ல விலை கொடுப்பார். அவற்றைத் தனித்தனியாகவே விற்றுவிடுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள்.

ஈயப்பற்று | பிப்ரவரி 11, காலை 6.55

பார்சலில் விசிலும் சங்கிலியும் ஒன்றோடொன்று உரசக் கூடாது. சங்கிலிக்குத் தனி பொட்டலம். செய்தித்தாள் மை முலாமில் ஒட்டும், வெள்ளைத் துணியில் சுற்றணும்.

காயலான் | பிப்ரவரி 11, இரவு 10.02

ஒரு தண்டரர்ல எஸ்.ஆர்.னு மட்டும் இருக்கு. இங்கிலாந்து சதர்ன் ரயில்வேயா, நம்ம தெற்கு ரயில்வேயா?

தண்டவாளம் | பிப்ரவரி 11, இரவு 10.40

எழுத்தால் பிரிக்க முடியாது. முதலாவது 1923-47, இரண்டாவது 1951க்குப் பிறகு. முழு முத்திரையும் வேண்டும்: செய்தவர் பெயர், நாடு, முலாம். செய்தவர் பெயரே இல்லாமல் எஸ்.ஆர். மட்டும் குத்தியிருந்தால், முன்பு சொன்ன மாதிரி பள்ளத்துக்குள் முலாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குரோமியமாக இருந்தாலும் முடிவாகாது, 1930களிலும் உண்டு. பட்டியலில் "எஸ்.ஆர். முத்திரை" என்று மட்டும் போடுங்கள், விரித்து எழுத வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சப் படத்தை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறோம்.